ஒன்பதாம் பக்கத்தில் இருப்பதை முதலில் சொல்

அன்புள்ள மாப்ளே,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது.

தென்னை ஏறுபவர்களையும் தோப்புக்காரர்களையும் சேர்த்து வைக்கும் உன் தொழிலுக்கு முதலீடு கேட்டு நீ தயாரித்த பிட்ச்சை இரண்டு தடவை படித்தேன். மரம் ஏற ஆள் கிடைக்காமல் பொள்ளாச்சித் தோப்புக்காரர்கள் படும் பாட்டை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நீ தொடங்குவது இந்திய விவசாயச் சந்தை எத்தனை லட்சம் கோடி என்று. அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஒன்பதாம் பக்கத்து மூலையில் ஒரு வரி வைத்திருக்கிறாய்: ஆறு மாதத்தில் 23 தோப்பு, 61 தேங்காய் வெட்டு, எல்லாம் உன் போனிலேயே ஏற்பாடு செய்தது. அடேய், அதுதானே முதல் பக்கம்!

பயணிகளுக்கு மற்றவர் வீடுகளில் தங்க இடம் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி நிறுவனத்தின் கதையை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2008-ல் அதைத் தொடங்கிய பிரையன் செஸ்கியும் கூட்டாளிகளும் நிறுவனத்துக்கு 15 லட்சம் டாலர் மதிப்பு வைத்து, ஒன்றரை லட்சம் டாலர் கேட்டு ஏழு முதலீட்டாளர்களை அணுகினார்கள். ஐந்து பேர் மறுத்தார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை. சந்தை போதாது என்பது ஒருவர் சொன்ன காரணம். பிறகு புதுத் தொழில்களுக்குப் பணமும் வழிகாட்டுதலும் தரும் ஒய் காம்பினேட்டரின் பால் கிரஹாமுக்கும் அந்த யோசனை பிடிக்கவில்லை. அமெரிக்கத் தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் ஒபாமா, மெக்கெய்ன் பெயரில் காலை உணவு தானியப் பெட்டி தயாரித்து, ஒன்று 40 டாலருக்கு விற்று, சுமார் 30,000 டாலர் திரட்டியதைச் சொன்ன பிறகே அவர் மனம் மாறியது. பணமில்லாத நேரத்திலும் இவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர்கள் அன்று காட்டிய பக்கங்களிலும் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. சந்தையின் அளவைச் சொல்வதற்கு முன்பே, முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்குவதற்கான கவுச்சர்ஃபிங் என்ற இணையதளத்தில் 6,60,000 பேர் இருக்கிறார்கள் என்று காட்டினார்கள். வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, வசதிதான் இல்லை என்று அதற்குப் பொருள். உன்னிடம் அந்த 23 தோப்பு இருக்கிறது. அதில் எத்தனை பேர் அடுத்த வெட்டுக்கும் உன்னையே கூப்பிட்டார்கள்? அதைக் கட்டாயம் சேர்.

ஒரு கேள்வி நிச்சயம் வரும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-லிருந்து 'தென்னை மரங்களின் நண்பர்கள்' திட்டத்தில் ஏறு கருவி கொடுத்துப் பயிற்சி தருகிறதே, நீ எதற்கு என்பார்கள். பயிற்சி பெற்ற ஆளையும் 45 நாளைக்கு ஒருமுறை ஆள் தேடும் தோப்பையும் குறித்த நாளில் சேர்த்து வைப்பது உன் வேலை என்று நேராகச் சொல். ஒரு வெட்டுக்கு உனக்கு மிஞ்சுவது எவ்வளவு என்றும் சொல். ஏறுபவர் விழுந்தால் யார் பொறுப்பு என்பதற்கு உன் பக்கங்களில் பதிலே இல்லை. பணம் கேட்பதற்கு முன் அதை முடிவு செய். எனக்கு அதுதான் பெரிய கவலை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய். படம் எதுவும் வேண்டாம், மூன்று நிமிடம் வாயால் சொல்லிக் காட்டு. அம்மாவிடமும் நான் பேச வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்