ஓய்வு வயதை உயர்த்தச் சொல்லும் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு, வணக்கம்.

ஆயுள் கூடிவிட்டது, ஓய்வு வயதையும் கூட்டுங்கள் என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு படிவம்தான் நினைவுக்கு வரும். உடல் முடியாமல் போன தொழிலாளர்களுக்கு உதவித்தொகை விண்ணப்பம் எழுதிக்கொடுப்பவன் நான். ‘எத்தனை கிலோ வரை தூக்க முடியும்?’ என்று அதில் ஒரு கேள்வி. 58 வயதுக்காரர் ஒருவரிடம் கேட்டேன். வாழ்நாளெல்லாம் மூட்டை தூக்கியவர். வலது தோளைத் தடவிக்கொண்டே, “இன்னைக்கு இருபது கிலோ தூக்கிடுவேன் தம்பி. நாளைக்குச் சட்டை மாட்டவே கை மேலே போகாது” என்றார். படிவத்தில் இருந்ததோ ஒரே ஒரு கட்டம். 20 என்று எழுதி, ஓரத்தில் பொடி எழுத்தில் மீதியையும் எழுதி வைத்தேன்.

முதுமையும் இயலாமையும் ஆரம்பத்தில் தனித்தனிக் கோப்புகளாக இல்லை. ஜெர்மனியின் 1889ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் ஒன்றாகவே வைத்தது. 70 வயதானால் முதியோர் பென்ஷன், அதற்கு முன்பே உடல் விட்டுப்போனால் இயலாமை பென்ஷன். அமெரிக்காவில் 1935இல் முதியோர் பென்ஷனுக்குச் சட்டம் வந்தது. இயலாமைக்கு 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும். அந்த வயது வரம்பை எடுக்க இன்னும் நான்கு ஆண்டு ஆனது. அப்புறம் 1983இல், முழு பென்ஷனுக்கான வயதை 65இலிருந்து 67க்குப் படிப்படியாக உயர்த்த முடிவெடுத்தார்கள். 1960இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர் 62 வயதிலேயே பென்ஷன் வாங்கினால் 30 சதவீதம் குறையும். இயலாமை உதவித்தொகையில் அந்தப் பிடித்தம் கிடையாது. மூட்டு தேய்ந்தவர் எந்தக் கதவைத் தட்டுவார்? அவர் இயலாமைக் கதவைத் தட்டுவதை உங்களில் சிலர் ‘ஊக்குவிப்பின் விளைவு’, அதாவது பணம் கூடுதலாகக் கிடைக்கும் பக்கம் ஆள் போவது, என்று எழுதுகிறீர்கள். கணக்கு சரிதான், அந்தச் சொல்தான் உறுத்துகிறது.

அமெரிக்காவில் இயலாமை விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பொருளாதார ஆய்வாளர் ஜான் பவுண்ட் 1989இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். மறுக்கப்பட்ட ஆண்களில் பாதிப்பேருக்கும் குறைவானவர்களே பிறகு வேலையில் இருந்தார்கள். உதவித்தொகை இல்லாவிட்டாலும் அதை வாங்குபவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போயிருக்க மாட்டார்கள் என்ற வாதத்துக்கு இந்த எண் நன்றாக உதவியது. எனக்கு வேலையில் இல்லாத மிச்சப் பேரைப் பற்றித்தான் கவலை. கூலியும் இல்லை, பென்ஷன் வயதும் வரவில்லை. நடுவில் இருக்கும் அந்த ஏழெட்டு வருடத்தை எதை விற்று, யாரிடம் கை நீட்டி ஓட்டினார்கள்?

உங்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. ஓய்வு வயதைக் கூட்டினால் அரசுக்கு இவ்வளவு மிச்சம் என்று ஒரு அட்டவணை போடுகிறீர்கள் அல்லவா, அதிலேயே இன்னும் இரண்டு வரி சேருங்கள். அந்த மிச்சத்தில் எவ்வளவு இயலாமைச் செலவாகத் திரும்பிப் போகிறது என்பது ஒன்று. இரண்டு கதவும் சாத்தப்பட்டு நிற்பவர்கள் எத்தனை பேர் என்பது இன்னொன்று. மறுக்கப்பட்டவர்களைப் பென்ஷன் வயது வரை தொடர்ந்து போய்ப் பாருங்கள். மறுப்புக் கடிதத்தோடு ஆய்வு முடிந்துவிட வேண்டாம்.

அந்த மூட்டைக்காரருக்கும் கடிதம் வந்தது. ‘20 கிலோ தூக்கக்கூடியவர்’ என்று இருந்தது. ஓரத்தில் நான் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்படிக்கு,
விண்ணப்பம் எழுதிக்கொடுப்பவன்