ஹரி வருகிறான், உன் விலாசம் வேண்டும்

பாப்பாவுக்கு,

சாப்பிட்டாயா? தாளில் எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புவதுதான் என் வழக்கம், உனக்கே தெரியும். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாததால் மெயிலில் தட்டிக்கொண்டிருக்கிறேன். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அத்தை படிப்பாள், பெரியப்பா படிப்பார், அதனால் அங்கே வேண்டாம்.

ஹரிக்கு மியூனிக் டெக்னிக்கல் யூனிவர்சிட்டியான டியூஎம்-ல் மாஸ்டர்ஸ் கிடைத்து விசாவும் வந்துவிட்டது. செப்டம்பர் 27, ஞாயிறு இரவு மியூனிக்கில் இறங்குகிறான். அத்தை தெரு முழுக்க இனிப்பு கொடுத்தாள். நீ 2023-ல் சேர்ந்தபோது நாம் ஃபீஸ் என்று ஒன்றும் பெரிதாகக் கட்டவில்லை. 2024 அக்டோபர் செமஸ்டரிலிருந்து புதிதாகச் சேரும் நம்மைப் போன்ற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே ஃபீஸ் வந்துவிட்டது. மாஸ்டர்ஸ் என்றால் படிப்பைப் பொறுத்து செமஸ்டருக்கு 4000 அல்லது 6000 யூரோ. ஹரிக்கு 6000. அதுபோக மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்க முடிகிற ப்ளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட்டாகிவிட்டது. அத்தையின் நகை எல்லாம் பேங்கில் இருக்கிறது. அவன் பணத்தின் அருமை தெரிந்து நடக்க வேண்டும், அதை நீ சொன்னால்தான் கேட்பான். உன்னைத்தான் எல்லாருக்கும் உதாரணம் காட்டுகிறார்கள். நம் குடும்பத்தில் முதலில் போனவள் நீ, யார் கையையும் எதிர்பார்க்காமல் மூன்று வருடம் ஓட்டிவிட்டாய், அது எனக்குப் பெருமைதான்.

ஆனால் ஹரி என்ன சொல்கிறான் என்றால், ரூம் கிடைக்கும்வரை அக்கா வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்கிறான். அத்தையும் அதே நினைப்பில் இருக்கிறாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அவனுக்காக நான் கொஞ்சம் விசாரித்து வைத்திருக்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. அவன் வருகிற நேரம் சரியில்லை. அக்டோபர்ஃபெஸ்ட் செப்டம்பர் 19-ல் ஆரம்பித்து அக்டோபர் 4 வரை நடக்கிறது. அந்த இரண்டு வாரமும் மியூனிக்கில் சாதாரண ஹாஸ்டல் கட்டில்கூட என்ன விலை சொல்கிறார்கள் என்று பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதனால் முதல் வாரத்துக்கு இடம் இப்போதே முடிவாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊரில் கடை கிடையாது, விமான நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர்மார்க்கெட் திறந்திருக்கும், பால், பிரெட், தண்ணீர் அங்கேயே வாங்கிவிடச் சொல். பாட்டிலைத் தூக்கிப் போடாமல் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் என்று நீ முதல் மாதம் சொன்னதை இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ அவனை அழைக்கப் போவதாக இருந்தால் எஸ்8 ரயிலில் போ. எஸ்1-ல் ஏறினால் நொய்ஃபார்ன் ஸ்டேஷனில் வண்டி இரண்டாகப் பிரிந்து பாதி ஃப்ரைஸிங் போய்விடும், அன்றைக்கு நீ தப்பான பெட்டியில் ஏறி அழுதுகொண்டே போன் செய்தாயே. டாய்ச்லாண்ட் டிக்கெட் என்கிற பஸ், ரயில் பாஸ் இப்போது மாதம் 63 யூரோ, அது முதல் தேதிக்கு முதல் தேதி கணக்கு, 27-ஆம் தேதி இறங்குகிறவன் செப்டம்பருக்கு எடுக்க வேண்டாம்.

ரூம் விஷயம்தான் பயமாக இருக்கிறது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம், அட்வான்ஸ் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம், ஹரி எனக்கு அனுப்பிய முதல் விளம்பரமே அந்த மாதிரி. பார்க்காத ரூமுக்கு ஒரு பைசா கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அட்வான்ஸும் அங்கே சட்டப்படி, ஹீட்டிங் செலவெல்லாம் சேர்க்காத வெறும் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். அப்புறம் ரூம் கிடைத்தாலும் வீட்டுக்காரர் ஆன்மெல்டுங் என்கிற விலாசப் பதிவுக்குச் சான்று எழுதித் தருவாரா என்று முதலிலேயே கேட்க வேண்டும். வாடகை குறைச்சல், ஆனால் பதிவு செய்ய முடியாது என்று சிலர் கொடுப்பார்களாம், அந்த மாதிரி இடமே வேண்டாம். குடிபோன இரண்டு வாரத்துக்குள் விலாசத்தைப் பதிய வேண்டும், தவறினால் 1000 யூரோ வரை அபராதம் போட முடியும். குடியிருக்காத இடத்துக்குச் சான்று கொடுக்கிறவருக்கு 50,000 யூரோ வரை போகும். ஊருக்குப் புதிதாக வருகிறவனுக்கு மட்டும் இல்லை, அதே ஊருக்குள் வீடு மாறுகிறவர்களுக்கும் இரண்டு வாரம்தான்.

உனக்கு இதெல்லாம் தெரியும். நீதான் எனக்கே சொன்னாய்.

பார்சல் திரும்பி வந்துவிட்டது பாப்பா. அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சித்திரையில் அனுப்பியது, பருப்புப்பொடி, கறிவேப்பிலைப் பொடி, சுண்டை வற்றல், உன் நீலச் சுடிதார் தைத்தது, எல்லாம் அப்படியே இருக்கிறது. துணியில் நான் போட்ட தையல்கூடப் பிரியவில்லை. மேலே ஜெர்மனில் ஒரு ஸ்டிக்கர், நாலைந்து கட்டத்தில் ஒன்றில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.-ல் ராத்திரி ராத்திரியாகத் தபால் பிரித்தவனுக்கு அது எந்தக் கட்டம் என்று படித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆள் அங்கே இல்லை.

ஹாஸ்டல் கான்ட்ராக்ட் மார்ச்சோடு முடிகிறது என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. புது இடம் பார்த்தாயிற்று, விலாசம் அப்புறம் அனுப்புகிறேன்பா என்றாய். கேட்கும்போதெல்லாம் அப்புறம் என்கிறாய். பழைய விலாசம் எனக்கு மனப்பாடம், கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்ட் தெரு, 80805. அந்தப் பெயரை உறையில் எழுதும்போதெல்லாம் யார் அவர் என்று தோன்றும், ஒரு நாள் தேடிப் படித்தேன். மருத்துவம் படித்த பிள்ளை, ஹிட்லரை எதிர்த்துத் துண்டறிக்கை எழுதியதற்காக 1943 பிப்ரவரி 22-ல் தலையை வெட்டியிருக்கிறார்கள். வயது 23. மூன்று பிள்ளைகளின் தகப்பன், மூன்றாவது பிறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. அதைப் படித்த பிறகு அந்தத் தெருப் பெயரை அவசரமாக எழுதியதே இல்லை.

நீ சேர்ந்த வாரம் வீடியோவில் கீழ்த்தளத்தைக் காட்டினாய், வரிசையாகத் தகரப் பெட்டிகள், ஒன்றில் சின்னச் சீட்டு, அதில் என் பெயர். பாஸ்போர்ட்டில் உனக்குச் சர்நேம் என்று என் பெயர்தானே இருக்கிறது. "அப்பா, இந்த ஊரில் நீங்கதான் குடியிருக்கீங்க" என்று சிரித்தாய். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் விலாசம் சரியாக இருந்தாலும் தபால்காரர் போடாமல் திருப்பிவிடுவார் என்றும் நீதான் சொன்னாய். நம் ஊரில் பீட் பார்க்கிற ஆளுக்குக் கேட் வைத்த வீட்டு நாய்கூடத் தெரியும், பெயர் இல்லாவிட்டாலும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். அங்கே அப்படி இல்லை. அந்த ஊரில் எல்லாமே அந்தச் சீட்டில்தான் நிற்கிறது. பேங்க் கார்டு ஒரு தபாலில், அதன் ரகசிய நம்பர் வேறு தபாலில், வரி நம்பர் தபாலில், இன்ஷூரன்ஸ் கார்டு தபாலில். ஹரிக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், மெத்தை வாங்குவதற்கு முன்னால் பெட்டியில் பெயரை ஒட்டு என்று. மஞ்சள் உறை ஒன்று உண்டாமே, அரசாங்க நோட்டீஸ், தபால்காரர் அதன்மேல் தேதியை எழுதிப் பெட்டியில் போட்டாலே கைக்கு வந்ததாகக் கணக்கு, நீ பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் அன்றிலிருந்து கெடு ஓடும். அப்படி ஒன்று உன் பழைய பெட்டியில் கிடந்தால் என்ன செய்வது?

உன் ரெசிடென்ஸ் பெர்மிட் எப்போது முடிகிறது? தீசிஸ் நீள்கிறது என்றாய், நீளட்டும், அதற்காக ஒன்றும் கேட்க மாட்டேன். ஆனால் பெர்மிட் முடிகிற தேதிக்கு முன்னாலேயே நீட்டிப்புக்கு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். போட்டுவிட்டால் முடிவு வரும்வரை பழையது செல்லும், பெர்மிட் கொடுக்கிற மாநகராட்சி அலுவலகமான கே.வி.ஆர்.-ல் இடைக்காலத் தாள் கொடுப்பார்கள். கடைசி வாரம்வரை வைத்துக்கொள்ளாதே. அவர்களும் தபாலில்தான் எழுதுவார்கள், பதிந்த விலாசத்துக்குத்தான் எழுதுவார்கள். நாம் இங்கே ரீடைரக்ஷன் எழுதிக் கொடுப்பது மாதிரி அங்கேயும் காசு கட்டினால் ஆறு மாதமோ ஒரு வருடமோ பழைய விலாசத்துத் தபாலைப் புது இடத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள். நீ அதைச் செய்யவில்லை, செய்திருந்தால் பார்சல் உன்னிடம் வந்திருக்கும். மறந்தாயா, வேண்டாம் என்று விட்டாயா என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கோபமாகவும் வருகிறது. படித்த பெண், தபால்காரன் மகள், விலாசத்தில் போய் இப்படிச் செய்யலாமா?

ஹரிக்கு முதல் மாதச் செலவுக்குக் கையில் யூரோ கொடுத்துவிடுகிறோம். ப்ளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 வரும் என்றாலும் அங்கே அவன் பெயரில் கணக்குத் திறந்த பிறகுதானே வரும். அத்தை நெய்யும் பால்கோவாவும் கட்டி வைத்திருக்கிறாள். பால் சம்பந்தப்பட்ட எதையும் இங்கிருந்து அந்த நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, பிடுங்கிவிடுவார்கள் என்று நான் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருகிறாள். நீ ஒரு வார்த்தை சொல்லிவிடு.

போன மாதம் நீ வீடியோவில் பேசும்போது பின்னால் யாரோ இருமினார்கள். நீ உடனே மியூட் செய்தாய். அம்மா என்னைப் பார்த்தாள், அங்கே டிவி ஓடுது போல என்றேன். ஆழமான இருமல், சளி கட்டிய இருமல். மிளகும் சுக்கும் இருக்கிறதல்லவா, யாருக்காக இருந்தாலும் கொதிக்க வைத்துக் கொடு. ராத்திரியிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ டாக்டர் வேண்டும் என்றால் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் 112. ஹரியின் போனிலும் இரண்டையும் பதிந்து வைக்கச் சொல். குளிர்காலம் வருவதற்குள் அறையில் ஜன்னலைத் தினமும் கொஞ்ச நேரமாவது அகலத் திறந்து வைக்கிற பழக்கம் வேண்டும், இல்லையென்றால் சுவரில் பூஞ்சை பிடித்து இருமல் விடவே விடாது.

நான் கேட்பது விலாசம் மட்டும்தான். தெரு, கதவு எண், பின்கோடு. அங்கே பெட்டியில் உன் பெயர் இன்னும் ஒட்டவில்லை என்றால், யார் பெயர் ஒட்டியிருக்கிறதோ அதை எழுது. கேர் ஆஃப் போட்டு அந்தப் பெயரை எழுதினால் தபால் வந்துவிடும், அது எல்லா நாட்டிலும் உள்ள முறைதான். பெண் பெயரா, ஆண் பெயரா, எந்த ஊர்ப் பெயர் என்று நான் கேட்கப் போவதில்லை. எழுத்துப் பிழை இல்லாமல் அனுப்பு, அது போதும். வேறு ஒருவர் பெயரோடு உன் பெயர் சேர்ந்திருப்பதற்காக இந்த வீட்டில் எந்தக் கதவும் மூடாது. சித்தி கல்யாணத்தின்போது நடந்ததை நினைத்து நீ வாயைத் திறக்காமல் இருக்கிறாய் என்றால், அப்போது தாத்தா இருந்தார், வீடு அவர் சொல்படி நடந்தது. இப்போது நானும் அம்மாவும்தான் இருக்கிறோம். அம்மா அழுவாள், அதை மறைக்க மாட்டேன். இரண்டு நாள் அழுவாள், அப்புறம் அந்தப் பிள்ளைக்குக் காரம் ஆகுமா ஆகாதா என்று கேட்பாள். பெரியப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்படி ஒன்றும் இல்லை, சும்மா ஒரு சிநேகிதியோடு இருக்கிறேன், வீட்டுக்காரர் பதிவு செய்ய விடவில்லை, அவ்வளவுதான் என்றால் அதையும் சொல். அப்படியென்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு பார், வாடகை கூடினால் நான் அனுப்புகிறேன். பென்ஷன் போதும் எங்களுக்கு. பகுதிநேர வேலையை இன்னும் கூட்டாதே, தூக்கம் கெட்டு உன் கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது.

ஹரி விஷயத்துக்கு வருகிறேன். அவன் உன்னோடு தங்குவது உனக்குச் சிரமம் என்றால் ஒற்றை வரியில் எழுது, காரணம் வேண்டாம். அத்தையிடம் நானே பேசி முதல் இரண்டு வாரத்துக்கு ஹாஸ்டலில் கட்டில் போட்டுக்கொடுக்கிறேன், ஊருக்கு வெளியே எஸ்8 பாதையில் எங்காவது பார்த்தால் விலை கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன். தங்கலாம் என்றால் எத்தனை நாள் என்று சொல், அதற்கு ஏற்ற மாதிரி அவன் பெட்டியில் அரிசி வைப்பதா வேண்டாமா என்று அத்தை முடிவு செய்வாள். பார்சலைப் பிரிக்காமல் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடு, அதற்கு மேல் போனால் ஹாஸ்டல் விலை இன்னும் ஏறும். விலாசத்தை என் நம்பருக்குத் தனியாக அனுப்பு.

அப்பா