சேகருக்கு: அந்தப் பழைய மீட்டர் பற்றி

சுங்கை சிப்புட்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி விடவில்லை என்று முதல் வரியில் எழுதுகிறாய், உன் பழைய எம்ஜிபி காருக்கு அடியில் படுத்துக் கிடந்த கதையை அடுத்த வரியில் எழுதுகிறாய். உன்னை என்ன சொல்ல! இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு ஈப்போவில் வேலை கிடைத்துவிட்டது. தோட்டத்தில் ரப்பர் பால்மரம் என்று காட்ட ஒன்றுகூட மிஞ்சவில்லை, லயத்து வீடுகள் இருந்த இடம்வரை செம்பனைதான்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பொறிக்காகக் கரண்டை மூடித் திறக்கும் பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டதிலிருந்து, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ரெவ் மீட்டரின் முள் தாறுமாறாக ஆடுகிறது, மீட்டரையே மாற்றிவிடவா என்று கேட்டாய். அவசரப்படாதே. மீட்டர் பழுதாகியிருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. அது எதை எண்ணிப் பழகியதோ, அதை நீ மாற்றிவிட்டாய்.

மீட்டர் முகப்பின் அடியில் சின்ன எழுத்தைப் பார். உன்னுடையது 1969 வண்டி, ஸ்மித்ஸ் மீட்டர், ஆர்.வி.ஐ. என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். பிறகு வந்த ஆர்.வி.சி. மீட்டர், பொறிக்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு வயர் எடுத்து வோல்டேஜை எண்ணும். ஆர்.வி.ஐ. கரண்டை எண்ணும். டார்ச் அடித்துப் பின்பக்கம் பார்: சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் வெள்ளை வயர் வழியில் இந்த மீட்டரைத் தொட்டுவிட்டுத்தான் போகும். பலவற்றில் வெளியிலேயே ஒரு சின்ன பிளாஸ்டிக் கட்டை இருக்கும். வயர் அதற்குள் வளையம் போட்டு வெளியே வரும், மேல் உறையைக்கூடச் சீவியிருக்க மாட்டார்கள். பாயிண்ட் மூடினால் வயரில் கரண்ட் ஏறும், திறந்தால் சட்டென்று அறுபடும். அந்த ஒவ்வொரு அதிர்வையும் வளையம் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டருக்குச் சொல்லும். நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. நிமிடத்துக்கு 3000 சுற்றில் வினாடிக்கு 100 அதிர்வு. அறுபதுகளில் இதை யோசித்தவன் கெட்டிக்காரன்தான்.

நீ எந்த மாதிரி இக்னிஷன் போட்டாய் என்று மட்டும் எழுதவில்லை, அதுதான் முக்கியம். சிலிண்டர்களுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் பாயிண்ட் இருந்த இடத்தில் உட்காரும் சின்ன மாட்யூல் என்றால் கவலை இல்லை. காயில் கரண்ட் அந்த வெள்ளை வயர் வழியாகத்தான் இன்னும் போகும். ஆனால் மாட்யூலின் சிவப்பு வயரைக் காயில் பாசிட்டிவில் மாட்டியிருந்தால், அதைக் கழற்றி, சாவி போட்டால் கரண்ட் வரும் வேறு இடத்தில், மீட்டருக்கு முன்னாலேயே கொடு. காயிலுக்குப் போகும் கரண்ட் மட்டும் வளையத்தில் ஓடட்டும். பிறகும் முள் குதித்தால் வயரை இன்னொரு சுற்று சுற்றிப் பார், இல்லையென்றால் ஒரு சுற்றைக் குறைத்துப் பார். இரண்டும் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். கோலகங்சாரிலிருந்து ஒருவர் கொண்டுவந்த எம்ஜிபியில் 2500ஐத் தாண்டினால் முள் 4000க்குத் தாவி, அப்படியே பூஜ்யத்தில் விழும். ஒரு சுற்று கூட்டினோம், அடங்கிவிட்டது. செலவு ஒரு முழம் வயர். சுற்றும் திசை மட்டும் பழையபடியே இருக்க வேண்டும், திருப்பிச் சுற்றினால் மீட்டர் சரியாகப் படிக்காது.

தனிப் பெட்டியாக வரும் சி.டி.ஐ. வகை இக்னிஷன் என்றால் கதை வேறு. அது பேட்டரி கரண்டை வாங்கி, ஒரு கப்பாசிட்டரில் சில நூறு வோல்ட் சேர்த்து வைத்து, அதைக் காயிலில் கொட்டும். சாவிப் பக்கத்து வயரில் பழைய ஏற்ற இறக்கம் இருக்காது, ஆர்.வி.ஐ. குழம்பிவிடும். பெட்டியில் மீட்டருக்கென்று இருக்கும் முனையும் வோல்டேஜ்தான் தரும். அதற்கென்று விற்கும் அடாப்டர் வாங்கு, இல்லையென்றால் மீட்டருக்குள் புது போர்டு மாற்றச் சொல். என்னைக் கேட்டால், தோட்டப் பாதையில் ஓட்டும் வண்டிக்குச் சி.டி.ஐ. வீண் ஆடம்பரம்.

ஒன்று மறந்துவிடாதே. எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் திறந்து வைத்துப் பாட்டுக் கேட்காதே. காயில் கொதிக்கும், சில மாட்யூல் புகைந்தே போகும். பழைய பாயிண்டையும் கண்டன்சரையும் பொட்டலமாகக் கட்டி டிக்கியில் போட்டு வை. நடுவழியில் நின்றால் பாயிண்டை மாட்டி 0.015 இன்ச் இடைவெளி வைத்து வீடு வந்து சேர்ந்துவிடலாம்.

இதையெல்லாம் செய்தும் முள் இருநூறு முந்நூறு கூடக் குறையக் காட்டினால் விட்டுத் தள்ளு. பந்தயமா ஓட்டப் போகிறாய்? மனசு கேட்கவில்லை என்றால் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு வரும்போது அந்த வண்டியிலேயே வா. உள்ளே அளவு திருத்த ஒரு சின்னத் திருகு உண்டு, உட்கார்ந்து பார்த்துவிடலாம். வருவதற்கு முன்னால் ஒரு போன் போடு, அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
குணா