பம்ப்பை ஃபேன் கணக்கில் சேர்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்ப்யூட்டரை வீட்டிலேயே அசெம்பிள் செய்வது பற்றிக் கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த பிராசஸர், எவ்வளவு ரேம், எந்த கேபினட் என்பதையெல்லாம் பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதியிருந்தார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கடைசிப் பத்தியில்தான் வம்பு. சத்தம் தொந்தரவாக இருந்தால் பயாஸுக்குள் (மதர்போர்டின் செட்டிங்குகளை மாற்றும் திரை) போய் ஃபேன் ஹெட்டர்கள் (மதர்போர்டில் ஃபேன் வயரைச் செருகும் முனைகள்) அத்தனையையும் 'சைலன்ட்', அதாவது சத்தமில்லாத மெதுவான ஓட்டம், என்று மாற்றிவிடலாம் என்று யோசனை சொல்கிறார் கட்டுரையாளர். லிக்விட் கூலர் என்பது பிராசஸரின் சூட்டைத் தண்ணீரில் ஏற்றி, ஃபேன் வைத்த ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் ஆற்றும் கருவி. அது போட்ட மெஷினில் அந்த ஹெட்டர்களில் ஒன்றில், தண்ணீரை ஓட்டும் பம்ப் மாட்டியிருக்கும். அதையும் சேர்த்து மெதுவாக்கினால் பிராசஸர் கொதிக்கும்.

நான் மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இருப்பது சயான் கோலிவாடா. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லேமிங்டன் சாலையில் சாமான் வாங்கி வந்தால் பூட்டிக் கொடுப்பேன். காசு வாங்குவதில்லை, டீ மட்டும் உண்டு. போன மழைக்காலத்தில் எங்கள் கட்டிடத்தில் ஆர்க்கிடெக்சர் படிக்கும் ஒரு பெண், கடையிலேயே அசெம்பிள் செய்து வாங்கிய மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, மெயில் பார்த்தால் ஒன்றும் இல்லை. ரெண்டரிங் போட்டால் கொஞ்ச நேரத்தில் இழுக்க ஆரம்பிக்கிறது" என்றாள். கட்டிட வரைபடத்தை நிஜப் படம்போல் ஆக்கும் கனமான வேலைதான் ரெண்டரிங். கடையில் கேட்டதற்கு மும்பையின் ஈரக்காற்றுக்கு லிக்விட் கூலர் சரிவராது, உள்ளே வேர்த்துவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அது தப்பு. குளிர்ந்த சொம்பின் வெளியே நீர் கோக்க வேண்டுமென்றால் சொம்பு அறைக்காற்றைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். இந்த கூலரில் ரேடியேட்டரைக் குளிர்விப்பதே அறைக்காற்றுதான். அதற்கும் கீழே தண்ணீரின் சூடு இறங்க வழியே இல்லை. ஜூலை மாத மும்பையிலும் அது வேர்க்காது.

கேபினட்டைத் திறந்து பார்த்தேன். பம்ப்பின் 3 பின் வயரை கேபினட் ஃபேனுக்கான ஹெட்டரில் செருகியிருந்தார்கள். பயாஸில் அந்த ஹெட்டர் சைலன்ட்டில் இருந்தது. 3 பின் என்றால் ஒன்று எர்த், ஒன்று 12 வோல்ட், மூன்றாவது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று மதர்போர்டுக்குச் சொல்லும் வயர். 4 பின்னில் கூடுதலாக வேகத்துக்கான சிக்னல் ஒன்று வரும், 12 வோல்ட்டில் கை வைக்க மாட்டார்கள். 3 பின்னில் அந்த வசதி இல்லாததால் மெதுவாக ஓடவைக்க வோல்ட்டேஜையே குறைத்தாக வேண்டும். சாதாரண ஃபேன் அதைத் தாங்கிக்கொள்ளும். பம்ப் திணறும், சில சமயம் கிளம்பவே கிளம்பாது.

ஃபேன் நின்றால் என்ன ஆகும், பம்ப் நின்றால் என்ன ஆகும் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் நின்றாலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், சூடு நிதானமாக ஏறும், நமக்கு அவகாசம் கிடைக்கும். பம்ப் நின்றுவிட்டால் பிராசஸர் மேல் இருக்கும் துளி நீர் அங்கேயே கொதிப்பேறும், ரேடியேட்டர் ஜில்லென்று சும்மா கிடக்கும். இன்டெல்லின் இப்போதைய பிராசஸர்கள் பலவும் சுமார் 100 டிகிரியிலும், ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவை 95 டிகிரியிலும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. சிப் எரியாமல் தப்பிக்கும், சரி. ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகம் போய்விடும். அந்தப் பெண்ணுக்கு நடந்தது அதுதான். வயரை 'ஏஐஓ பம்ப்' (ஒரே செட்டாக வரும் லிக்விட் கூலரின் பம்ப்) என்று அச்சடித்த ஹெட்டருக்கு மாற்றி, ஃபுல் ஸ்பீடில் வைத்ததும் இழுப்பு நின்றது.

4 பின் பம்ப்புகளில் சிலவற்றை ஓரளவு மெதுவாக ஓட்டலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். அப்படிச் சொல்லாதவரை ஃபுல் ஸ்பீடுதான். கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து சாட்டா என்ற பிளக் வழியாக நேரே கரன்ட் எடுக்கும் பம்ப்புகளும் உண்டு. அவற்றின் சின்ன வயர் சுற்று எண்ணிக்கையைச் சொல்ல மட்டும்தான், சைலன்ட் அவற்றை ஒன்றும் செய்யாது. அதற்காக அந்த வயரைச் சும்மா தொங்கவிடக் கூடாது. பம்ப் செத்தால் நமக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை.

பிராசஸர் ஃபேனுக்கான 'சிபியு ஃபேன்' ஹெட்டரைக் காலியாக விட்டால் பல மதர்போர்டுகள் ஃபேன் இல்லை என்று எரர் காட்டிப் பாதியில் நின்றுவிடும். தனியாக பம்ப் ஹெட்டர் இருந்தால் பம்ப் அங்கே, ரேடியேட்டர் ஃபேன்கள் ஸ்ப்ளிட்டர் (ஒரே ஹெட்டரைப் பல ஃபேன்களுக்குப் பிரிக்கும் வயர்) போட்டு சிபியு ஃபேனில் என்று நான் பூட்டுவேன். பம்ப் ஹெட்டர் இல்லாத பழைய போர்டு என்றால் சிபியு ஃபேனில் பம்ப்பைப் போட்டு ஃபுல் ஸ்பீடு, ஃபேன்களைப் பக்கத்தில் இருக்கும் 'சிபியு ஆப்ட்' ஹெட்டரில்.

ஸ்ப்ளிட்டர் விலை குறைந்த சாமான்தான், அதிலும் கவனிக்க ஒன்று இருக்கிறது. சுற்றைச் சொல்லும் வயர் ஒரே ஒரு ஃபேனிலிருந்துதான் திரும்பி வர வேண்டும். அதனால் நல்ல ஸ்ப்ளிட்டரில் மற்ற கிளைகளில் அந்த பின் இருக்காது. எல்லாவற்றையும் முறுக்கிச் சேர்த்த மட்ட சரக்கில் பயாஸ் காட்டும் எண் கண்டபடி குதிக்கும், பிள்ளைகள் ஃபேன் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கி வருவார்கள். அப்புறம் ஆம்பியர் கணக்கு. சாதாரண ஃபேன் ஹெட்டர் பெரும்பாலும் 1 ஆம்பியர்தான் தாங்கும். ஒவ்வொரு ஃபேனின் முதுகிலும் ஸ்டிக்கரில் ஆம்பியர் போட்டிருக்கும். கூட்டிப் பார்த்து, கிளம்பும்போது இழுக்கும் கூடுதல் கரன்ட்டுக்கும் இடம் விட வேண்டும். டி5 போன்ற பெரிய பம்ப்புகளை ஹெட்டர் பக்கமே கொண்டுபோகக் கூடாது, அவற்றுக்கு எஸ்எம்பிஎஸ் கரன்ட்தான்.

விளக்கு வயரைப் பற்றியும் ஒரு வார்த்தை, நான் விளக்கு ரசிகன் இல்லை என்றாலும். நிறம் ஓடும் 3 பின் விளக்குகள் 5 வோல்ட், பழைய 4 பின் விளக்குகள் 12 வோல்ட். 5 வோல்ட் விளக்கை அழுத்தித் திணித்து 12 வோல்ட்டில் செருகினால் அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது.

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் லேமிங்டன் சாலையில் பிள்ளைகள் கூட்டம் கூடும். அவர்களில் சிலராவது உங்கள் கட்டுரையைக் கத்தரித்துக் கையில் வைத்திருப்பார்கள். அந்தக் கடைசிப் பத்திக்கு அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அசெம்பிள் செய்து விற்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பம்ப் எந்த ஹெட்டரில், ஃபேன் எந்த ஹெட்டரில் என்று பில்லின் பின்பக்கம் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்வே எலெக்ட்ரீஷியன்,
சயான் கோலிவாடா, மும்பை.