பிடித்ததும் விட்டதும்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மெக்கெய்சர் மைதானப் பக்கம் பின்னேரம் போனால் கண்ணெல்லாம் புழுதி.

நீ அனுப்பிய றகர் கணக்கைப் பார்த்தேன். 7ஆம் இலக்கப் பொடியன் 13 டக்கிளில், அதாவது பந்தோடு வருகிறவனைப் பிடித்து விழுத்துவதில், 12 பிடித்திருக்கிறான், 92 வீதம். 13ஆம் இலக்கம் 11இல் 8, 73 வீதம். அதை வைத்து இரண்டாமவனைக் கழிக்கப் பார்க்கிறாய். கொஞ்சம் பொறு.

7 நிற்பது பெரும்பாலும் ரக்கை, அதாவது நிலத்தில் கிடக்கிற பந்துக்கு மேல் இரண்டு அணியும் தள்ளுப்படுகிற இடத்தை, ஒட்டி. பந்தோடு வருகிறவன் நேரே அவன் மேலேயே மோதுகிறான், தோள் கொடுக்கப் பக்கத்திலேயே ஆள். 13க்கு இரண்டு பக்கமும் வெளி. எதிரே வருகிறவன் முழு வேகத்தில் உள்ளே வெட்டலாம், வெளியே ஓடலாம், பாஸும் கொடுக்கலாம். 13ஐ இன்னொரு 13ஓடு ஒப்பிட்டால்தான் நியாயம்.

அதைவிடப் பெரிய ஓட்டை, ஆளைத் தொடாதவன் பெயரில் 'விட்டது' என்று கோடே விழாது. ஓரத்தில் நிற்கிற விங் அவசரப்பட்டு உள்ளே பாய்வான். வெளியே தனியாக நின்றவனுக்குப் பந்து போகும். கடைசியில் கை நீட்டிய, எல்லாருக்கும் பின்னால் நிற்கிற புல்பேக்கின் கணக்கில் தவறு ஏறும். விங்கின் தாள் வெள்ளையாக இருக்கும்! அதனால் தடுக்கிற வரிசையில் விழுந்த ஒவ்வொரு ஓட்டைக்கும் நேரே 'யாருடைய ஆள்' என்று ஒரு நிரல் போடு. கோல் கம்பத்துக்குப் பின்னால் உயரமான இடத்திலிருந்து போனில் எடுத்தால் வரிசையின் இடைவெளி தெரியும். பக்கவாட்டில் எடுத்தால் யார் பிந்தி எழும்பி வருகிறான் என்பதுதான் தெரியும், இடைவெளி தெரியாது.

பிடித்ததையும் ஒரே விலைக்கு எடுக்காதே. மோதிய இடத்திலிருந்து எதிராளி பின்னே விழுந்தானா, இவனை இழுத்துக்கொண்டு இரண்டு மீற்றர் முன்னே போனானா? பின்னதும் கணக்கில் 'பிடித்தது'தான், ஆனால் எதிரணிக்குப் பந்து சுடச்சுடக் கிடைத்துவிடும். பிடித்தவன் உடனே கையை விட்டு உருண்டு விலகாவிட்டால் பெனால்டி. உதைக்கிற தூரமென்றால் 3 புள்ளி போச்சு. தோளுக்கு மேல் பிடித்தாலும் அதே கதை, தலையில் பட்டால் அட்டை வேறு.

தவறவிட்டவனின் கையைப் பாராமல் காலைப் பார். அனேகமாக ஒரு மீற்றர் தள்ளியே கால் நின்றிருக்கும். மிச்சத் தூரத்துக்குப் பாய்ந்திருப்பான். எந்தத் தோளால் மோதுகிறானோ அந்தப் பக்கத்துக் கால் எதிராளிக்குக் கிட்ட ஊன்ற வேண்டும், தலை அவன் பின்பக்கமாகப் போக வேண்டும். தலை முன்னால் போகிற பொடியனை, எத்தனை வீதம் பிடித்தாலும், திருத்தாமல் இறக்காதே. முழங்கால் தலையில் படும்.

உன் 13 விட்ட மூன்றும் எந்த இடத்தில், அந்த நேரம் பக்கத்தில் நிற்க வேண்டிய 12ஆம் இலக்கம் எங்கே நின்றான் என்று பார்த்து எழுது. வீடியோ இருந்தால் அதையும் அனுப்பு. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்