துகள் நனைவதை அளக்கத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

காற்றில் மிதக்கும் நுண்துகள் எவ்வளவு ஈரத்தை உறிஞ்சுகிறது என்று அளக்கும் எங்கள் இரட்டை டி.எம்.ஏ. அமைப்பு, சென்னைப் புழுக்கத்திலும் இப்போது நிலையாக ஓடுகிறது. டி.எம்.ஏ. என்பது துகள்களை அளவுப்படி பிரிக்கும் கருவி. முதலாவது உலர்ந்த துகளில் ஒரே அளவைத் தேர்ந்தெடுக்கும்; ஈரமூட்டிய பிறகு அது எவ்வளவு வளர்ந்தது என்று இரண்டாவது அளக்கும்.

முதல் நன்றி ஏ.சி. மெக்கானிக் அண்ணனுக்கு. ஈரப்பதத்தைப் பிடித்து நிறுத்துவதில் பாதிக்கு மேல் வெப்பநிலை வேலைதான். 25 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்று இரண்டாவது டி.எம்.ஏ.வுக்குள் ஒரே ஒரு டிகிரி சூடேறினால் 85-க்கு இறங்கிவிடும். உலர்ந்தபோது 100 நானோமீட்டர் இருந்த அம்மோனியம் சல்பேட் என்ற உப்பின் துகள், 170-க்கு வளர வேண்டியது 155-இலேயே நின்றுவிடும். ஏ.சி. ஓடி நிற்கும்போதெல்லாம் அளவு ஆடியது இதனால்தான். குளிர்காற்று கருவிமேல் நேரே அடிக்காமல் திருப்பிவிட்டது அவர் கை.

பட்டறை நண்பர்கள் டி.எம்.ஏ.வைச் சுற்றித் தெர்மோகோல் பெட்டி கட்டி, உள்ளே சின்ன விசிறி வைத்தார்கள். உறைக்காற்றை, அதாவது டி.எம்.ஏ.வுக்குள் துகள்களோடு ஓடும் சுத்தமான காற்றை, சுழற்றும் புளோயரைப் பெட்டிக்கு வெளியே தள்ளியதும் அவர்களே. புளோயர் காற்றைச் சூடாக்கும். அந்தக் காற்று இப்போது தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிய செப்புச் சுருள் வழியாக வந்து, வெப்பம் சமமான பிறகே உள்ளே நுழைகிறது.

மொட்டைமாடியில் இடம் கொடுத்த கட்டடப் பராமரிப்புக்காரர்களுக்கும் நன்றி. இங்கே வெளிக்காற்றின் பனிநிலை (ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பல நாள் 25 டிகிரியை ஒட்டி இருக்கும். அறையோ 23. உலர்த்தாத காற்றை அப்படியே உள்ளே இழுத்தால் குழாயிலேயே தண்ணீர் கோத்துக்கொள்ளும். அதனால் சிலிக்கா ஜெல் உலர்த்தி மாடியிலேயே இருக்கிறது. 30 சதவீதத்துக்குக் கீழே உலர்த்துகிறோம். அம்மோனியம் சல்பேட் துளி 35-ஐ ஒட்டித்தான் படிகமாகும். அதற்கு மேலே நிறுத்தினால் 'உலர்ந்த அளவு' என்று தேர்ந்தெடுப்பதே ஈரத்துளியாக இருக்கும்.

சுவர் வழியே நீராவியைக் கடத்தித் துகள் காற்றை ஈரமாக்கும் நாஃபியான் குழாய்க்கு, ஈரப்பதத்தை இலக்கில் தானாக நிறுத்தும் பி.ஐ.டி. கட்டுப்பாட்டை எழுதிக் கொடுத்த தம்பிக்குத் தனி நன்றி. வேகமாகத் துரத்தாமல் மெல்ல ஏறும்படி அமைத்திருக்கிறார். இலக்கு 75 என்றாலும் வழியில் ஒரு நொடி 80-ஐத் தாண்டினால் போதும், படிகம் கரைந்துவிடும். பிறகு 75-க்கு இறங்கினாலும் துளியாகவே இருக்கும். காற்றை நீருக்குள் குமிழவிட்டு ஈரமாக்கும் குமிழியில் அயனி நீக்கிய நீர் ஊற்றி, அதன் பின்னால் வடிகட்டி மாட்டச் சொன்னதும் அவர்தான். குழாய்த் தண்ணீராக இருந்தால் அதிலுள்ள உப்பே துகளாகிக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படிவதை வைத்து ஈரப்பதத்தைத் துல்லியமாக அளக்கும் பனிநிலைக் கண்ணாடியை இரவல் தந்த ஆய்வகத்தாருக்கு: உங்கள் கருவியோடு ஒப்பிட்டபோதுதான் 90-க்கு மேல் எங்கள் சாதாரண சென்சார் எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்து, பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். இனி அம்மோனியம் சல்பேட் 80-இல் கரைகிறதா என்று வாராவாரம் பார்த்து நாங்களே சரிபார்த்துக்கொள்வோம்.