கிராஞ்சியில் குதிரை வளர்த்தவர்களைப் பேச வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "மூடியது நல்லதுதான், சூதாட்டம் ஒழிந்தது" என்று பலர் முடித்துவிடுகிறார்கள். பந்தயத்தில் பணம் கட்டியே நொடிந்துபோன குடும்பங்களை நானும் அறிவேன். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், ஒரு வெள்ளிகூடக் கட்டாமல் குதிரைகளைப் பார்ப்பதற்கென்றே அங்கே போய்வந்தவள் நான். எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற தாதி. எலும்பு மூட்டுப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்பதால், யார் நடந்து வந்தாலும் கண் முதலில் காலுக்குத்தான் போகும். திடலை மூடப்போவதாக 2023 ஜூனில் அறிவிப்பு வந்தபோது, "இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா பெரியம்மா?" என்று தங்கை மகன் அழைத்துப் போனான். எல்லாரும் பார்வையாளர் மாடத்துக்குப் போக, நான் பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டேன். ஏறக்குறைய 500 கிலோ உடம்பு, அதைத் தாங்க அவ்வளவு மெல்லிய கால்கள்! முன்னங்கால் பதிந்த தடத்தையும் தாண்டிப் பின்னங்காலை எட்டி வைத்து, தளர்வாக நடக்கும் குதிரை ஒன்று. நடக்கும்போதே கழுத்தெல்லாம் நுரைத்து, காதைப் பின்னுக்கு மடக்கிக்கொள்ளும் குதிரை இன்னொன்று. பயமா, முறுக்கா, வலியா என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன். அன்றிலிருந்துதான் இந்தப் பற்று.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெரும்பாலான பந்தயங்களில் திறமை கூடிய குதிரைக்குச் சுமையும் கூடுதல். குதிரையை ஓட்டும் ஜாக்கியின் எடை அதற்குப் போதாவிட்டால் சேணத்தோடு ஈயத் தகடுகளைச் சேர்த்துவிடுவார்கள். கடைசி 100 மீட்டரில் நாலைந்து குதிரைகள் ஒட்டி ஒட்டி வருவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். இதில் உழைப்பும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது. இவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்வார் இல்லை என்பதே என் வருத்தம்.

இந்த ஊரில் பந்தயம் நடத்தும் மன்றம் 1842இல் தொடங்கியது. முதல் பந்தயம் 1843இல் ஓடியது. முதல் திடல் நம் சிராங்கூன் பக்கம், ஃபேரர் பார்க்கில். 1911இல் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்ததும் அந்தத் திடலிலிருந்துதான். அந்தத் திடலின் பெயரைத் தாங்கிய ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன்தலைக் கறி சாப்பிடும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1933இல் புக்கிட் தீமாவுக்கும் 1999இல் கிராஞ்சிக்கும் திடல் மாறியது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடியது.

இப்போது ஹாங்காங் பந்தயங்களைக் கைப்பேசியில் பார்க்கிறேன். ரொமான்டிக் வாரியர் என்ற குதிரை என் உயிர். அயர்லந்தில் பிறந்து ஹாங்காங்கில் பழக்கப்பட்டது. 2022 முதல் 2024 வரை மூன்று ஆண்டும் ஹாங்காங் கோப்பையை வென்றது. 2025 பிப்ரவரியில் ரியாத்தில், அதுவரை ஓடிப் பழகாத மண் தடத்தில், தன்னைவிட மூன்று வயது இளைய ஜப்பானியக் குதிரை ஃபாரெவர் யங்கிடம் ஒரு குதிரைக் கழுத்து நீள இடைவெளியில் தோற்றது. முன்னால் போய்விட்டது, ஜெயித்துவிடும் என்று எழுந்து நின்றேன். கடைசி நேரத்தில் அந்த இளங்குதிரை மறுபடி வந்து பிடித்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. ஆனால் ஏழு வயதில், புதுத் தடத்தில், அப்படி ஓடிய குதிரையை அதற்குப் பிறகுதான் இன்னும் அதிகமாக நேசிக்கிறேன்.

கிராஞ்சிக்கு வருகிறேன். அந்த வட்டத்தில் குதிரையைப் பிடித்து நடந்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். மிரண்ட குதிரை ஒன்றைக் கழுத்தில் தட்டி, "மெதுவாடா ராசா, மெதுவா" என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். விடியுமுன் எழுந்து தீனி வைத்து, குளிப்பாட்டி, காலைத் தடவிப் பார்த்து, லாடம் தேய்ந்திருக்கிறதா என்று கவனித்தவர்கள் இவர்கள். காயத்தின் அறிகுறியான சூடு எந்தக் காலில் இருக்கிறது என்று கை வைத்தே சொல்லும் அனுபவம் ஏட்டில் இல்லை. ஜெயித்த குதிரையின் பெயரும் ஜாக்கியின் பெயரும் பதிவாகியிருக்கும். இவர்கள் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

திடலின் சுமார் 120 ஹெக்டர் நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசாங்கத்திடம் போகிறது. குதிரைக்காரர்கள், லாடம் அடித்தவர்கள், காலையில் குதிரைகளை ஓட்டிப் பழக்கியவர்கள் எனத் தமிழ் பேசும் முன்னாள் ஊழியர்களைத் தேடிப் பிடித்து, வாரம் ஒருவராகத் தங்கள் ஞாயிறு இதழில் பேச வையுங்கள். புக்கிட் தீமா காலத்துப் படங்கள் வீட்டில் வைத்திருப்போரும் அனுப்பட்டும். முகவரி தேடுவது, பேட்டியைக் கேட்டு எழுதித் தருவது என எந்த வேலை கொடுத்தாலும் செய்யக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்